அத்தை பேசாத கோடை

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி ஒரு வீடியோவைப் போட்டு, "இது உங்க அத்தைதானே?" என்று என்னைக் கேட்டிருந்தாள். அத்தை ஒரு பெரிய அரங்கத்தின் நடுவில் வெறுங்காலோடு நிற்கிறாள். கூட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து, செத்துப்போன தன் தாத்தாவைப் பற்றி நாலு வரி சொல்கிறார். அத்தை ஒரு வார்த்தை பேசாமல் அந்தத் தாத்தாவாக நடந்து காட்டுகிறாள். சொன்னவர் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

அதற்குக் கீழே நீங்கள் எழுதியிருந்ததையும் படித்தேன். "ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம நிக்கிறதுக்கு டிக்கெட்டா?" என்று ஒருவன். "எங்க வூட்டுக்காரர் ஃப்ரீயாவே அப்படித்தான் இருக்கார்" என்று ஒருத்தி. எனக்கும் சிரிப்பு வந்தது. "இந்த மாதிரி எங்க கத்துக்கிட்டாங்க?" என்று கேட்டவனுக்கு மட்டும் ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கட்டைவிரலால் தட்டி முடிகிற கதை இல்லை. அதனால் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். நமக்கும் முன்னந்தலையில் நரை எட்டிப்பார்க்கிற காலம் வந்துவிட்டது. மெதுவாகவே படியுங்கள்.

சுனாமி வந்ததற்கு அடுத்த கோடை அது. இரண்டாயிரத்து ஐந்து. நாம் எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ஊர் சுற்றிக்கொண்டிருந்தோம். என் அப்பா நம் மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரி. அம்மா அதே உப்பளத்தில் உப்பு சுமக்கிற கூலிக்காரி. வீட்டில் அப்பா மேஸ்திரி இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட்டதால் அப்பாதான் வளர்த்தார். அவள் வளர்ந்து பெரியவளான பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான். தூக்கி வளர்த்த அந்தப் பாப்பா அவர் கைக்குள் அடங்கவேயில்லை. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ராஜா வேஷம் போட்டாள். பதினேழு வயதில் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் பாட ஆரம்பித்தாள். கூத்து ஜமாவில் ராணி வேஷம் கட்டுகிறவருக்குக் காய்ச்சல் என்று ஒருமுறை கூப்பிட்டார்கள். போய் விடிய விடிய ஆடிவிட்டு, காலையில் அரிதாரத்தோடேயே வந்து எங்கள் வீட்டில் பழைய சோறு சாப்பிட்டாள். பிறகு பாண்டிச்சேரியில் ஒரு நாடகக் குழுவில் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துத் தங்கிவிட்டாள். அப்பா ஒரே ஒரு தடவை போய் அந்த நாடகத்தைப் பார்த்தார். "தரையில உருளறா. வசனமே இல்ல. டார்ச் லைட்டை மூஞ்சிக்குக் கீழ புடிச்சிக்கிட்டு பூனை மாதிரி பாக்கறா. இதுக்குக் கை தட்டறானுங்க" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை.

ஆனால் அவள் பாட்டு என்றால் குறை சொல்ல அவரும் வாய் திறக்க மாட்டார். எவ்வளவு உயரத்துக்குப் போனாலும் உடையாத குரல். ஆர்கெஸ்ட்ராவில் பாடியதை யாரோ ஒரு கேசட்டில் பதிவு செய்து கொடுத்திருந்தார்கள். மஞ்சள் உறை. அதை உங்களில் ஒருத்தி வாங்கிப் போனாள், திருப்பித் தரவேயில்லை. யார் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் கழித்துச் சண்டைக்கு வரவில்லை. கிடைத்தால் கொடுத்துவிடு.

கடல் உள்ளே வந்து போன பிறகு, அந்த நாடகக் குழு கரையோரக் குப்பம் குப்பமாகப் போனது. முகாம்களில் இருந்த பிள்ளைகள் பேசாமல் சுருண்டு கிடந்தார்கள், கடல் பக்கம் திரும்பவே பயந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்கப் பாட்டும் ஆட்டமும். மைக் கிடையாது, மேடை கிடையாது. கடல் காற்று ஒரு பக்கம் அடிக்க, அதற்கு மேலே கத்திப் பாட வேண்டும். தினமும் இரண்டு, மூன்று இடங்களில் அத்தை அப்படிப் பாடினாள். கூனிமேட்டுக் குப்பத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது ஒரு நாள் குரல் நின்றுவிட்டது. வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. பிள்ளைகள் அதுவும் நடிப்பு என்று நினைத்துக் கை தட்டினார்களாம்.

பாண்டிச்சேரியில் பெரிய டாக்டரிடம் அப்பா கூட்டிக்கொண்டு போனார். தொண்டைக்குள் குரல் நாணில் முடிச்சு விழுந்திருக்கிறது, மூன்று மாதம் பேசவே கூடாது, கிசுகிசுப்பது அதைவிடக் கெடுதல் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்கப்புறம் குரல் எப்படி வரும் என்று கேட்டதற்கு, வந்த பிறகுதான் தெரியும் என்றாராம்.

அப்பா டிவிஎஸ் வண்டியில் அவளைப் பின்னால் உட்காரவைத்து ஊருக்குக் கொண்டுவந்தார். தெருமுனையிலேயே டீக்கடைக்காரர் நிறுத்தி, "இன்னா மேஸ்திரி, தங்கச்சிக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. கடல்ல போனவங்களுக்காக அம்மனுக்கு வேண்டிக்கிட்டிருக்குது. மூணு மாசம் மௌன விரதம்."

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள். "சாமி பேரைச் சொல்லி எதுக்குப் பொய் சொன்னீங்க?"

"பின்ன, குரல் போயிடுச்சுன்னு சொல்லவா? ஊமைப் பொண்ணுன்னு ஒரு பேரு வந்துட்டா எவன் கட்டுவான் இவள? ஏற்கெனவே மேடை ஏறின பொண்ணுன்னு பேச்சு."

அத்தை பையிலிருந்து ஒரு சிலேட்டை எடுத்து வேகமாக ஏதோ எழுத ஆரம்பித்தாள். அப்பா அதை மெல்ல வாங்கிப் பரண் மேல் வைத்துவிட்டார். விரதம் இருக்கிறவர்கள் எழுதியும் காட்ட மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. அம்மாவுக்கு எப்படியும் படிக்கத் தெரியாது. அத்தைக்கு இரண்டு கையும் ஒரு முகமும் மட்டும் மிஞ்சின.

அப்பாவை வில்லனாக நினைத்துவிடாதீர்கள். தினமும் காலையில் பாலில் பனங்கற்கண்டும் மிளகும் போட்டு, தன் கையால் ஆற்றி, அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நிற்பார். அவருக்குத் தெரிந்த பாசம் அது. அவளுடைய மேடைக் காலம் முடிந்துவிட்டது, இனி ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட்டால் தன் கடமை தீர்ந்தது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த வருஷம் உண்மை தெரிந்த எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள்.

உப்பளத்து வெயில் உங்களுக்குத் தெரியும். மேலேயிருந்து மட்டும் வராது, கீழேயிருந்தும் வரும். அதனால் ஆட்கள் இருட்டிலேயே இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி, கரையில் குவித்துவிட்டு வந்துவிடுவார்கள். சாயங்காலம் காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருகிற நேரத்தில், ஒரு பெண் தூங்காமல் அழுகிற தன் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அத்தை மடியில் போட்டாள். விரதக்காரி மடி நல்லது என்றாள். அத்தைக்கு வேறு வழி தெரியவில்லை. குழந்தையைப் பார்த்து அது அழுகிற மாதிரியே சத்தமில்லாமல் அழுது காட்டினாள். அது அழுகையை நிறுத்திவிட்டு அவள் முகத்தையே பார்த்தது, கொஞ்ச நேரத்தில் தூங்கியும்விட்டது. அவ்வளவுதான். மறுநாள் வாசலில் நாலு குழந்தை.

குழந்தைகளுக்குப் பிறகு அம்மாக்கள் வந்தார்கள். பதில் பேசாதவளிடம் எதையும் சொல்லலாம் அல்லவா? மாமியார் கதை, கடன் கதை, கனவில் அலை வருகிற கதை, எல்லாம் வந்தன. அத்தை கேட்பாள். கேட்கும்போது சொல்கிறவளின் முகமே அவளுக்கு வந்துவிடும். பிறகு கையால் ஏதோ காட்டுவாள். அது என்ன என்று யாருக்கும் புரியாது. எல்லோரும் அம்மாவைப் பார்ப்பார்கள்.

அம்மாவுக்கு அதுவரை நாத்தனாரைக் கண்டால் ஆகாது. தான் கூடை சுமந்து கழுத்து தேய்ந்துகொண்டிருக்க, ஒருத்தி பவுடர் பூசிக்கொண்டு பாட்டுப் பாடிச் சம்பாதிக்கிறாள் என்று ஒரு எரிச்சல். ஆனால் ஊரே தன் வாயைப் பார்த்து நிற்பது யாருக்குத்தான் பிடிக்காது? தொண்டையைக் கனைத்துக்கொண்டு மொழிபெயர்க்க ஆரம்பித்தாள்.

ரத்தக் கொதிப்பு என்று வந்த டீக்கடைக்காரரிடம், "உப்பைக் கொறைக்கச் சொல்றா" என்றாள். மரக்காணத்தில் உப்பைக் குறைக்கச் சொன்ன முதல் அருள்வாக்கு அதுவாகத்தான் இருக்கும். குடிகாரப் புருஷனிடம் அடி வாங்கிய ஒருத்தி கை வீங்கி வந்தாள். அத்தை அந்தக் கையைத் தன் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள், வேறு ஒன்றும் காட்டவில்லை. அம்மா, "புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு உங்க அம்மா வூட்டுக்குப் போய் இரு, அவனா வந்து கூப்புடுற வரைக்கும் வராதன்னு சொல்றா" என்றாள். அவள் போனாள். அந்த வாரமே அவன் போய்க் காலில் விழுந்து கூட்டி வந்தான். அதிலிருந்து கூட்டத்தைச் சமாளிக்க முடியவில்லை.

எனக்கும் அருள்வாக்கு உண்டு. "பக்கத்து வூட்டுல போய் டிவி பாக்காதன்னு சொல்றா" என்று அம்மா சொல்வாள். பின்னால் அத்தை நான் சொல்லவேயில்லை என்று இரண்டு கையையும் விரித்து, வயிறு குலுங்கச் சத்தமில்லாமல் சிரிப்பாள்.

இதற்கு நடுவில் பெண் பார்க்க வந்தார்கள். வானூர் பக்கம் நிலம் நீச்சு உள்ள குடும்பம், பையன் ஏதோ ஆபீசில் வேலை. பையனுடைய அம்மாவுக்கு அத்தையை ரொம்பப் பிடித்துவிட்டது. "இந்தக் காலத்துல இப்பிடி வாயடக்கமா ஒரு பொண்ணா! சாமிக்காகப் பேசாம இருக்குதாமே!" என்று உருகினாள். மேடை விவகாரமெல்லாம் இனி கூடாது என்றும் சொன்னாள். "அதெல்லாம் விட்டாச்சுங்க" என்றார் அப்பா. பொண்ணுக்குச் சம்மதமா என்று ஒரு பேச்சுக்குக் கேட்டார்கள். காபித் தட்டோடு நின்ற அத்தை நேராக நிமிர்ந்து, இடமும் வலமுமாகத் தலையை ஆட்டினாள். ஒரு தடவை இல்லை, எல்லோரும் பார்க்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக ஆட்டினாள்.

அப்பா சிரித்தார். "வெக்கப்படுதுங்க."

அவர்களும் சிரித்தார்கள். ஊருக்கே மொழிபெயர்த்த அம்மா அன்றைக்கு மட்டும் குனிந்து பஜ்ஜித் தட்டைச் சரிசெய்துகொண்டிருந்தாள். விரதம் முடிந்த மறுநாளே நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். அத்தை கொல்லைப்புறம் போய், துவைக்கிற கல்லின் மேல் இருட்டுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சும் பாட்டும் இல்லாதவள் சும்மா இருக்கவில்லை. காலையில் அம்மாவோடு உப்பளத்துக்கு வந்து, வரப்பில் நின்று பெண்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு நாள், வேலை முடிந்து எல்லோரும் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அத்தை ஒரு வெறுங்கூடையைத் தலையில் வைத்து வரப்பில் நடந்தாள். முதலில் ஒருத்திக்கும் புரியவில்லை. திடீரென்று ஒருத்தி, "ஐயோ, அது நம்ம லாரிக்காரன் பொண்டாட்டி நடையாச்சே!" என்று கத்தினாள். அத்தை திரும்பி வரும்போது வேறொருத்தியாக வந்தாள். இடது காலை உப்பு அறுத்திருந்ததால் விரலைத் தூக்கித் தூக்கி வைப்பவள் அவள். ஒவ்வொரு நடைக்கும் பேர் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்துப் பாதிப் பேர் உப்பின் மேலேயே சாய்ந்துவிட்டார்கள். நாமும்தான் அன்றைக்கு அங்கே இருந்தோம். உங்களில் மூன்று பேராவது இருந்தீர்கள்.

கடைசியாக ஒரு நடை. வலது இடுப்பு வெளியே தள்ளி, அந்தப் பக்கமே உடம்பு இறங்கி, கழுத்து மட்டும் விறைப்பாக நேரே நிற்கிற நடை. வரப்பு முடிகிற இடத்தில் ஒரு நொடி நின்று, யாரும் பார்க்கவில்லை என்கிற மாதிரி இடுப்பைப் பிடித்துக்கொண்டு, உடனே கையை எடுத்துவிட்டு மேலே நடந்தாள். அதற்கு யாரும் பேர் சொல்லிக் கத்தவில்லை. எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அடுப்பு பற்றவைத்த பிறகுதான் கேட்டாள். "என் இடுப்பு அவ்ளோவா சாஞ்சிருக்குது?"

அத்தை இரண்டு விரலைக் கொஞ்சமாகப் பிரித்துக் காட்டினாள். அம்மா சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். "கட்டிக்கிட்டு வந்து இத்தினி வருசமாச்சு. நான் எப்பிடி நடக்கறேன்னு இந்த வூட்ல ஒருத்தரும் பாத்ததில்ல பாப்பா" என்றாள். பிறகு வேப்பெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து அத்தையின் காலைத் தன் மடியில் இழுத்துவைத்துத் தடவினாள். தடவிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னாள், "அன்னிக்கு நீ தலையாட்டினது வெக்கம் இல்லன்னு எனக்குத் தெரியும்." அப்பா வெளியே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது கேட்கவில்லை.

விரதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது அந்தப் பேச்சு கிளம்பியது. யார் முதலில் சொன்னார்களோ தெரியாது. மௌனம் கலைக்கிறபோது வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை அம்மன் வார்த்தை, அது அப்படியே பலிக்கும் என்றார்கள். பூசாரி நாள் குறித்தார். வெள்ளிக்கிழமை காலை, உப்பளத்து ஓரத்து அம்மன் கோயிலில் எல்லோர் முன்னாலும் அவள் வாய் திறக்க வேண்டும். தொண்டையில் விழுந்த ஒரு முடிச்சு இப்படி ஊர் விஷயமாகிவிட்டது. அப்பாவுக்குப் பயம் வந்துவிட்டது, ஆனால் தான் சொன்ன பொய்யை எப்படித் திருப்பி வாங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மீன்காரம்மா வந்தாள். அனுமந்தைக் குப்பத்திலிருந்து நம் தெருவுக்குக் கூடையோடு வருவாளே, அவள்தான். அலை வந்த பிறகு நெடுநாள் யாரும் மீனே வாங்கவில்லை. கடல் தின்றதை மீன் தின்றிருக்கும் என்று எல்லோருக்கும் அருவருப்பு. அப்போதும் கருவாட்டை மட்டும் கட்டிக்கொண்டு தவறாமல் வந்தாள். கரையில் வலை பார்த்துக்கொண்டிருந்த அவள் ஒரே மகனை அலை கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. அவள் அழவும் இல்லை, காரியம் செய்யவும் விடவில்லை. ஒவ்வொரு வேளையும் அவனுக்குத் தட்டு வைத்து மூடிவைக்கிறாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

அத்தையின் எதிரில் வந்து உட்கார்ந்து, கூடையை இறக்கிப் பக்கத்தில் வைத்தாள். "யம்மா, நான் ஒண்ணும் பெருசா கேக்கல. வெள்ளிக்கிழமை மொத வார்த்தை 'வருவான்'னு சொல்லிடு. அது போதும். எம்புள்ள வந்துருவான்."

அத்தை ஆமாம் என்றும் தலையாட்டவில்லை, இல்லை என்றும் ஆட்டவில்லை. மீன் வாசம் வீசுகிற அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன்காரம்மா எல்லோரையும் போல மொழிபெயர்ப்புக்காக அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து பானைப் பக்கம் போனாள். "மோர் குடிக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

ஆனால் அத்தை தனக்கென்று ஒரு வார்த்தை வைத்திருந்தாள். வியாழக்கிழமை மதியம், ஆணியில் தொங்குகிற அந்த ரசம் போன கண்ணாடி முன்னால் நின்று உதட்டை மட்டும் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் அம்மாவும் அரிசி புடைத்துக்கொண்டே பார்த்தோம். உதடு ஒட்டித் திறந்தது, நாக்கு மேலே தொட்டது, மறுபடி, மறுபடி.

"இன்னாது பாப்பா?" என்றாள் அம்மா. அத்தை திரும்பி நின்று மெதுவாக ஒரு தடவை அசைத்தாள்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "மாட்டேனா?"

அத்தை ஆமாம் என்று தலையாட்டினாள்.

எனக்கும் அப்போதுதான் புரிந்தது. ஊரே அம்மன் வார்த்தை என்று நம்புகிற அந்த ஒரு வார்த்தையை அத்தை கல்யாணத்தை நிறுத்த எடுத்துவைத்திருக்கிறாள். சாமி முன்னால் 'மாட்டேன்' என்று சொல்லிவிட்டால் அப்பா மட்டுமில்லை, வானூர்க்காரர்களும் அதை மீற மாட்டார்கள். தலையை எத்தனை தடவை ஆட்டினாலும் வெட்கமாகிவிடுகிறது. இந்த ஒரு வார்த்தையை யாரும் வெட்கம் என்று சொல்ல முடியாது. அம்மா மறுபடி முறத்தை எடுத்துக்கொண்டாள். "குரல் வரணுமே பாப்பா" என்றாள்.

வெள்ளிக்கிழமை பாதி உப்பளம் கோயிலில் இருந்தது. இருட்டில் இறங்கி வேலை செய்துவிட்டு அப்படியே வந்தவர்கள், காலில் உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாக இருந்தது. அப்பா சலவை வேட்டி கட்டி முகம் வெளிறிப்போய் நின்றார். பூசாரி கற்பூரம் காட்டி அத்தை நெற்றியில் குங்குமம் வைத்து, "பேசு தாயே" என்றார்.

அத்தை நிமிர்ந்து நின்றாள். மூச்சை இழுத்தாள். உதடு ஒட்டியதை நான் பார்த்தேன்.

அப்போது மீன்காரம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, மண்ணில் முட்டி போட்டு, இரண்டு கையையும் ஏந்தினாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை ஏற்கெனவே கேட்டுவிட்டாள். அத்தையின் உதடு அப்படியே நின்றது.

  அத்தை 'மாட்டேன்' என்று சொன்னால், ஏந்திய கைக்கு அது என்ன பதில்? வர மாட்டேன் என்று மகனே சொன்னது மாதிரி ஆகிவிடாதா? 'வருவான்' என்று சொன்னால் அந்த அம்மா சாகிற வரைக்கும் தட்டு வைத்துக் காத்திருப்பாள். அத்தை அவள் முன்னால் தானும் மண்டி போட்டு உட்கார்ந்தாள். வாய் திறந்தது. முதலில் காற்று மட்டும்தான் வந்தது. பிறகு தகரத்தில் மணல் உரசுகிற மாதிரி ஒரு குரல்.

"உன் புள்ள பேரு இன்னாம்மா?"

மீன்காரம்மா ஏந்திய கையை இறக்கினாள். அலை வந்த நாளிலிருந்து எல்லோரும் அவளிடம் உடல் கிடைத்ததா, காரியம் எப்போது என்றுதான் கேட்டிருந்தார்கள். அவளும் என் புள்ள, என் புள்ள என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் பேரை யாரும் கேட்கவில்லை. வாயை இரண்டு தடவை திறந்து மூடிவிட்டு, மெல்லச் சொன்னாள். பிறகு கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள். பிறகு கடல் இருக்கிற பக்கம் திரும்பி, தொண்டை கிழிய அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள். கூப்பிட்டுக்கொண்டே அத்தையின் தோளில் விழுந்து அழுதாள். அத்தனை மாதத்து அழுகை. உப்புக் காலோடு நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பேர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. இங்கே எழுத மாட்டேன். அது அந்த அம்மாவுடையது. அடுத்த அமாவாசையில் அவள் கடற்கரையில் காரியம் செய்தாள்.

கூட்டம் கொஞ்சம் அடங்கியதும் பூசாரி குழம்பிப்போய், "மொத வார்த்தை கேள்வியா இல்ல இருக்குது? இதுல பலிக்கிறதுக்கு இன்னா இருக்குது?" என்று முனகினார். அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, குரல் வந்துடுச்சு, அது போதும். நாளைக்கு நிச்சயம், எல்லாரும் வந்துடுங்க" என்றார்.

"நிச்சயம் கெடையாது" என்றாள் அம்மா.

அப்பா திரும்பினார். அம்மா கூடைச் சும்மாட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பு சாய்ந்து, கழுத்து நேராக நின்றிருந்தாள். "பாப்பா தனக்குன்னு ஒரு வார்த்தை வெச்சிருந்தா. இந்த அம்மாவுக்காக அத விட்டுட்டா. அத நான் சொல்றேன். மாட்டாளாம்."

"இன்னா மாட்டாளாம்?"

"அந்த வூட்டுக்கு வாக்கப்பட மாட்டாளாம். ஆடறத வுட மாட்டாளாம்."

"அவ சொன்னாளா உங்கிட்ட?"

"மூணு மாசமா அவ சொன்னதெல்லாம் இந்த ஊருக்கு யாரு சொன்னது? அப்பல்லாம் நம்பினீங்க இல்ல?"

டீக்கடைக்காரர் முதல் ஆளாக, "ஆமா மேஸ்திரி, அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எனக்கு பிரஷர் கொறஞ்சிடுச்சு" என்றார். கை வீங்கி வந்தாளே, அவளும் ஆமாம் என்றாள். அப்புறம் உப்பளமே ஆமாம் என்றது. விரதம் என்று ஆரம்பித்துவைத்தவர் அப்பா. அது பொய் என்று அந்த இடத்தில் அவரால் சொல்ல முடியாது. தங்கையைப் பார்த்தார். அத்தை மேலும் கீழுமாகத் தலையை ஆட்டினாள். அது வெட்கம் இல்லை என்று இந்த முறை அவருக்கும் தெரிந்தது.

வீட்டுக்கு நடந்துதான் வந்தோம். அப்பா முன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். வாசலுக்கு வந்ததும், யாரையும் பார்க்காமல் பாலை அடுப்பில் வைத்து, பனங்கற்கண்டு போட்டு ஆற்றி அத்தை கையில் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றார். பிறகு கேட்டார், "பாட்டு வருமா பாப்பா?"

அத்தை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒரு வரி எடுத்தாள். கீழே இருக்கிற வரைக்கும் கரகரவென்று வந்தது. மேலே ஏறுகிற இடத்தில் உடைந்து, வெறும் காற்றாகிப் போனது. மறுபடி எடுத்தாள், மறுபடி அதே இடத்தில் உடைந்தது. "இதுக்கு மேல வராது போலண்ணா" என்றாள்.

அவள் மேடை ஏறக் கூடாது என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், அடுப்புப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்க அழுதார். அப்பா அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். அத்தை போய் அவர் முதுகில் கை வைத்தாள். அவர் திரும்பாமலேயே, கோபமாகப் பேசுவது போலச் சொன்னார்.

"இனிமே மைக் இல்லாத எடத்துல போய் நிக்காத."

அத்தைக்குப் புரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, தொண்டையைக் கனைத்தாள்.

"போய்ட்டு வான்னு சொல்றாரு" என்றாள்.